இடது பொத்தான் சுடாத நாள்

பீடோரில் எங்கள் தாமான் குடியிருப்புக்குள் வந்து, கணினி விளையாட்டில் இங்கே யார் கெட்டிக்காரர் என்று அந்த நாளில் யாரைக் கேட்டிருந்தாலும் எங்கள் வீட்டைத்தான் கைகாட்டியிருப்பார்கள். என் அண்ணனை நினைத்துக்கொண்டு காட்டியிருப்பார்கள் என்பது வேறு விஷயம். சுடுவது நான், பெயர் அவனுக்கு. அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. இரட்டைப் பின்னல் போட்டுக்கொண்டு, கரப்பான்பூச்சியைக் கண்டால் நாற்காலி மேல் ஏறிக் கத்துகிற பெண்தான். ஆனால் கணினி முன்னால் உட்கார்ந்து காதில் ஹெட்ஃபோனை மாட்டிவிட்டால் எதிரே ஐந்து பேர் சேர்ந்து வந்தாலும் அசரமாட்டேன். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு இன்றைக்கும் கூச்சம் கிடையாது.

என் பள்ளியில் நான்கு பையன்கள் ஒரு குழு வைத்திருந்தார்கள். ஐந்து பேர் ஆட வேண்டிய துப்பாக்கி விளையாட்டு அது. ஐந்தாவது பையன் ஊர் மாறிப் போய்விட்டதால் வேறு வழியில்லாமல் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். ஈப்போவில் ஒரு பெரிய மண்டபத்தில் இறுதிச் சுற்று நடக்கவிருந்தது. அதற்குப் போவதற்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, அவரவர் வீட்டிலிருந்தே இணையம் வழியாக ஒரு ஆட்டம் ஆடி ஜெயிக்க வேண்டும். "ஒரே ஒரு சான்ஸ்தான்லா. நீ சொதப்புனா என் தம்பி உள்ள வந்துருவான்," என்று குழுத் தலைவன் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டான். அந்தத் தம்பிக்கு ஒன்பது வயது. அவனிடம் என் இடத்தைப் பறிகொடுத்துவிட்டு மறுநாள் பள்ளிக்கு எந்த முகத்தோடு போவது?

இந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் வீட்டு மவுஸுக்குக் கிறுக்குப் பிடித்தது.

வீட்டில் இருந்தது ஒரே ஒரு கணினி. அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டினார்; அவருடைய முதலாளி அலுவலகத்துக்குப் புதிதாக வாங்கியபோது பழையதை அப்பாவிடம் கொடுத்துவிட்டார். கூடத்தில் சாமி படத்துக்கும் குளிர்பெட்டிக்கும் நடுவில் அது உட்கார்ந்திருந்தது. மாலையில் நான் போய் உட்கார்ந்தால், சில நாள் எல்லாம் சரியாக இருக்கும். சில நாள் இடது பொத்தானை அழுத்தினால் துப்பாக்கி சுடாது. வலது பொத்தான்தான் சுடும். திரையில் அம்புக்குறியும் நகராமல் அடம்பிடிக்கும். மவுஸை மேசையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை இழுத்தாலும் ஒரு சாண்தான் போகும். செட்டிங்கைத் திறந்து எல்லாவற்றையும் பழையபடி வைப்பேன். இரண்டு நாள் கழித்து மறுபடியும் அதே கதை.

முதல் சந்தேகம் அண்ணன் மேல். அவன் பூட்ஸைத் தண்ணீர் வாளிக்குள் போட்டு நியாயம் வழங்கினேன். அவன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். அடுத்த சந்தேகம் சரஸ்வதி பூசை மேல். அந்த ஆண்டு அம்மா வீட்டிலிருந்த கருவிகளுக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்தபோது மவுஸையும் விடவில்லை. பொத்தான் இடுக்கில் இறங்கிய சந்தனம்தான் மவுஸின் புத்தியைத் திருப்பிவிட்டது என்று முடிவு கட்டி, பல் துலக்கும் பிரஷால் அதைத் தேய்த்துத் தேய்த்துச் சுத்தம் செய்தேன். அது அண்ணனுடைய பிரஷ். மவுஸ் பளபளவென்று ஆனது, கிறுக்கு மட்டும் போகவில்லை.

ஒருநாள் மழையால் பள்ளியில் மாலை நடவடிக்கைகளை ரத்து செய்துவிட்டார்கள். ஐந்து மணிக்கு வர வேண்டியவள் மூன்று மணிக்கே வந்துவிட்டேன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தால், கணினி முன்னால் அம்மா.

அம்மா கோயில் மண்டபத்தில் நடந்த பாலர் பள்ளியில் உதவி ஆசிரியை. பிள்ளைகளுக்குப் பயிற்சித் தாள் தயாரிப்பதற்காக அவர் கணினியைப் பயன்படுத்துவது எனக்குத் தெரியும். தெரியாதது, அவர் உட்கார்ந்திருந்த விதம். மவுஸ் கீபோர்டின் இடப்பக்கம் இருந்தது. அம்மாவின் இடது கை அதைப் பிடித்திருந்தது. திரையில் ஒரு பசுமாடு, கழுத்தைத் திருப்பித் தன் முதுகை நக்கிக்கொண்டிருந்தது. அம்மா அதன் வால் முடியை ஒவ்வொரு கோடாக இழுத்துக்கொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. அம்மாவை அப்படி நான் பார்த்ததே இல்லை.

நான் என்ன செய்தேன்? "நீங்கதானா?" என்று கத்தினேன்.

அம்மா துள்ளிவிட்டார். மவுஸை வெடுக்கென்று வலப்பக்கம் தள்ளி, இடது கையை மடியில் ஒளித்துக்கொண்டார். பரீட்சையில் பார்த்து எழுதி மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி இருந்தது அவர் முகம். பொத்தான் மாறியது, அம்பு மெதுவாக ஊர்ந்தது, எல்லாம் அம்மாவின் வேலை. படம் வரைய வசதியாக மாற்றிக்கொள்வார். நான் வருவதற்குள் திருப்பி வைத்துவிடுவார். சில நாள் மறந்துபோவார்.

"சின்னப் புள்ளையில தோட்டத்துல இருந்தப்ப இந்தக் கையத் துணியால கட்டிப் போட்டுருவாங்கம்மா. சோறு தின்னக்கூட அவுத்துவிட மாட்டாங்க," என்றார். அந்தக் கையால் பென்சில் பிடித்தால் அடி. கல்யாணமாகி வந்த புதிதில் அப்பாவின் அக்காவுக்கு, அதாவது என் அத்தைக்கு, மறதியாக இடது கையால் காப்பியை நீட்டிவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்ட கதையையும் சொன்னார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அப்பாகிட்ட சொல்லிறாத. அத்தை காதுக்குப் போயிரும்," என்றார். நான் நீதிபதி மாதிரி யோசித்து, ஞாயிற்றுக்கிழமை வரை மவுஸைத் தொடக் கூடாது என்ற நிபந்தனையோடு மன்னித்தேன். துணியால் கட்டிய கையைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. என் கவலையெல்லாம் அந்த ஒன்பது வயதுத் தம்பிதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் கூந்தலுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போன நேரத்தில் அம்மா நிபந்தனையை மீறினார். பாலர் பள்ளி விளையாட்டு விழாவுக்கு ஒரு படம் பாதியில் நின்றதாம். நான் வருவதற்குள் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறார். அப்போது பார்த்து வாசலில் கார் சத்தம். சொல்லாமல் கொள்ளாமல் ஆயர் தாவாரிலிருந்து அத்தை, கையில் ஒரு பெரிய பை நெத்திலிக் கருவாட்டோடு வந்து இறங்கிவிட்டார். அம்மா படத்தைச் சேமித்தார், திரையை அணைத்தார், அடுப்படிக்கு ஓடினார். செட்டிங் அப்படியே கிடந்தது.

எனக்கு அது தெரியாது. அத்தை வந்தால் வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது, வேலை மட்டும்தான் தெரியும். தேங்காய்ப்பால் வாங்கப் போனேன், ஐஸ் வாங்கப் போனேன், முருங்கைக்கீரை உருவினேன். ஒருவழியாகத் தப்பித்து நாற்காலியில் உட்கார்ந்தபோது இரண்டு மணிக்கு ஒரு நிமிடம்தான் இருந்தது. ஹெட்ஃபோனுக்குள் தலைவன், "எங்க போய்த் தொலைஞ்ச, சீக்கிரம் உள்ள வா," என்று அலறினான். உள்ளே நுழைய இடது பொத்தானை அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. வலது பொத்தானை அழுத்தினேன். கதவு திறந்தது. செட்டிங்கைத் திறக்கப் போனேன்.

ஆட்டம் ஆரம்பித்துவிட்டது. எங்கள் கிழட்டுக் கணினியில் ஆட்டத்தின் நடுவே வேறு எதையாவது திறந்தால் எல்லாம் உறைந்துபோய்விடும். திருப்பி வைக்க வழியே இல்லை.

நான் எப்போதும் முன்னால் பாய்ந்து ஓடிச் சுடுகிறவள். அன்றைக்கும் பாய்ந்தேன். எதிரி பக்கவாட்டில் வந்தான், நான் திரும்புவதற்குள் மவுஸ் மேசை விளிம்பைத் தாண்டிக் கீழே விழுந்துவிட்டது. செத்தேன். அடுத்த சுற்றிலும் செத்தேன். இன்னும் இரண்டு சுற்று போனால் ஆட்டம் முடிந்துவிடும். காதுக்குள் நான்கு பையன்களும் சேர்ந்து என்னை வறுத்தெடுத்தார்கள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

அப்போது பின்னால் யாரோ நிற்பது தெரிந்தது. கையில் கரண்டியோடு அம்மா. திரையைப் பார்த்ததுமே நடந்தது அவருக்கு விளங்கிவிட்டது. மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன். அம்மா குனிந்து என் காதிலிருந்த ஹெட்ஃபோனை ஒரு பக்கம் விலக்கி, "அது ஓடாதும்மா. வெரட்டாத. ஒரே எடத்துல நின்னு மெதுவா இழு. கோடு போடுற மாதிரி," என்றார்.

நான் பையன்களிடம், "நான் முன்னால வரல, மேல் மாடியில நிக்கிறேன், நீங்க போங்க," என்றேன். திட்டினார்கள். போனார்கள். தொலைவில் சுடும் நீளத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு ஜன்னல் ஓரத்தில் நின்றேன். தூரத்துச் சந்தில் ஒரு தலை தெரிந்தது. மவுஸை மெதுவாக இழுத்தேன். துப்பாக்கியின் குறி நூல் பிடித்த மாதிரி நேராகப் போய் அந்தத் தலை மேல் நின்றது, கொஞ்சம்கூட ஆடவில்லை. நடுவிரலால் வலது பொத்தானை அழுத்தினேன். விழுந்தான். அடுத்தவன் வந்தான். அவனும் விழுந்தான். காதுக்குள் சத்தம் அடங்கிப்போனது.

கடைசிச் சுற்றில் எங்கள் பக்கம் நான் மட்டும் மிச்சம், அந்தப் பக்கம் இரண்டு பேர். அம்மா என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார், அடுப்பில் குழம்பு கொதித்துப் பொங்கியது. முதலாமவனைச் சுட்டேன். இரண்டாமவன் ஒரு பெட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வெளியே வரவேயில்லை. என் கை பரபரத்தது. "இரு," என்றார் அம்மா. இருந்தேன். அவன் தலையை நீட்டினான்.

நான் போட்ட கூச்சலில் அப்பாவும் அத்தையும் அண்ணனும் ஓடி வந்துவிட்டார்கள். ஈப்போவில் முதல் ஆட்டத்திலேயே தோற்றுத் திரும்பியதைப் பற்றி நான் அதிகம் பேசுவதில்லை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி எத்தனை முறை கேட்டாலும் சொல்வேன். அன்றும் சொன்னேன். குதித்துக்கொண்டே, மூச்சு விடாமல், எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா மாற்றி வைத்த செட்டிங்கில்தான் ஜெயித்தேன் என்றேன். அம்மா இடது கையால் எவ்வளவு அருமையாகப் படம் வரைகிறார் தெரியுமா என்றேன். சொல்லி முடித்த பிறகுதான், சொல்லக் கூடாது என்று பேசிக்கொண்டது நினைவுக்கு வந்தது.

"பீச்சாங்கையாலயா?" என்றார் அத்தை.

அண்ணன் போய், வலது பொத்தானா இடது பொத்தானா என்று தடுமாறி, அம்மாவின் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தான். முதுகை நக்கும் மாடு. வரிசையில் நின்று மூக்கு நோண்டும் பிள்ளைகள். கடைசியில் ஒரு லாரி. அப்பா திரைக்கு மிக அருகில் போய்ப் பார்த்தார்.

"இது என் லோரிதான? பின்னால நசுங்கினது வரைக்கும் இருக்கு," என்றார். "இதெல்லாம் இன்டர்நெட்ல எடுத்ததுன்னுல்ல நெனச்சேன்." அப்புறம் அத்தை பக்கம் திரும்பி, "பாத்தியாக்கா?" என்றார். அப்பாவின் குரலில் அத்தனை பெருமையை, நான் ஜெயித்ததற்குக்கூடக் கேட்கவில்லை. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

அத்தை வெகு நேரம் பார்த்தார். "பரிமாறுறப்ப மட்டும் அந்தக் கை வராம பாத்துக்க," என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்ப் பொங்கிய குழம்பைத் துடைத்தார்.

ஈப்போவுக்குப் போகப் பெற்றோர் கையெழுத்திட்டுத் தரும் சம்மதப் பாரம் ஒன்று வேண்டும். மறுநாளே கொடுக்க வேண்டும். சாப்பிடுவதற்கு முன்னால் அதை அப்பாவிடம் நீட்டினேன். வீட்டில் கையெழுத்துப் போடுவது எப்போதும் அவர்தான். அவர் ஊருக்குப் போயிருந்தால் மட்டும் அம்மா போடுவார், கோழி கிளறிய மாதிரி இருக்கும். அன்று அப்பா பாரத்தைத் தொடவில்லை. "அம்மாகிட்ட குடு," என்றார்.

அம்மா பேனாவை வலது கையில்தான் எடுத்தார். அத்தையை ஒருமுறை பார்த்தார். பிறகு பேனாவை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, குனிந்து, அவசரமே இல்லாமல் தன் முழுப் பெயரையும் எழுதினார். ஒவ்வொரு எழுத்தும் உருண்டு திரண்டு அழகாக இருந்தது. பள்ளிப் பதிவில் இருக்கும் அம்மாவின் கையெழுத்துக்கும் இதற்கும் கொஞ்சம்கூட ஒற்றுமை இல்லை.

"அம்மா, என்ன இப்படிப் போட்டீங்க? இது உங்க கையெழுத்து இல்லையே! டீச்சர் ஒத்துக்க மாட்டாங்க," என்று நான் அழாத குறையாகக் கேட்டேன்.

"இதான் என் கையெழுத்து," என்றார் அம்மா.

அன்று எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகும் அம்மா அந்தப் பாரத்தை மேசையிலிருந்து எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. பென்சிலில் போட்டிருந்தாலாவது அழித்துவிடலாம், பேனாவில் அல்லவா போட்டுவிட்டார் என்பதுதான் என் கவலை.