மடங்கிய விரல்கள்

நான் வேலைபார்த்த பட்டாசுக் கம்பெனியில் நடந்த விபத்தில் வெந்து, புண் ஆறியதும் சுருங்கிப்போன என் வலது கையை ஆஸ்பத்திரியில் நீவிவிட்டவர் அங்கே பிசியோதெரபி பார்க்கும் அக்கா. ஒல்லியான உடம்பு, கட்டைவிரல்கள் மட்டும் தடிமன். தேங்காயெண்ணெயைத் தன் உள்ளங்கையில் சூடேற்றித்தான் என்னைத் தொடுவார். தழும்பைத் தோல் வெளுக்குமளவுக்கு அழுத்தி, வட்டம் வட்டமாகத் தேய்ப்பார். நான் அலறினால், “இறுகிப்போனா விரல் மடங்காது, பொறுத்துக்க தாயி” என்பார்.

மூன்றாம் மாதம் மூன்று விரல்கள் மடங்கி, நுனிகள் ஒன்றையொன்று தொட்டன.

“இனிமே ஒன் கையாலயே அள்ளிச் சாப்பிடலாம்” என்று சிரித்தார்.

“வெடிக்குத் திரி சொருகவும் இது போதும்க்கா. தீவாளி சீசனுக்குக் கம்பெனியில கூப்பிடுறாக.”

“அதுக்கா இம்புட்டு நாளு தேச்சேன்?” என்றவர், என் கையை மட்டும் விடவில்லை. எண்ணெய் தொட்டு மறுபடியும் தேய்த்தார்.

இன்று அதே கம்பெனியில் திரி சொருகிக்கொண்டிருக்கிறேன். விரல்கள் நன்றாகவே மடங்குகின்றன, அக்கா.