அந்தப் புல்லி யாருடையது?

நன்சல்மாவுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று ஊரில் சொல்வார்கள். அது தப்பு. நுனியில் உட்கார்ந்து காத்திருக்கும் பொறுமை அந்தக் கோபத்துக்குக் கிடையாது. போல்ட்டை வெங்காயம் மாதிரி உரித்துவைத்த ஓட்டுநர்மேல் கோபம், தண்ணீர் கலந்த பெட்ரோல்மேல் கோபம், மணலை வாரி வந்து திறந்த இன்ஜினில் கொட்டும் வசந்தகாலக் காற்றின்மேல் கோபம். கூட்டுப்பண்ணை இருந்த காலத்தில் லாரி ஓட்டினாள், லாரி பழுதும் பார்த்தாள். பண்ணை கலைந்தபோது ஆளாளுக்கு ஆடு மாடுகளைப் பங்கு போட்டுக்கொண்டு போனார்கள். இவள் பண்ணையின் இரும்புக் கொட்டகையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். பெட்ரோல் பங்க்குக்கு எதிரே அதை இழுத்துப்போட்டு பட்டறை ஆக்கினாள். அன்றிலிருந்து அந்தச் சாலையில் ஓடும் பழைய ரஷ்ய வண்டிகள் எல்லாம் அவளிடம் திட்டு வாங்கித்தான் ஓடின.

அவளிடம் ஒரு டைமிங் லைட் இருந்தது. பிறகு சொந்தமாக வளர்த்த கறவை மாடு ஒன்றை விற்றுவிட்டுத் தலைநகருக்குப் போய் வாங்கிவந்தது. பார்க்கத் துப்பாக்கி மாதிரி இருக்கும். இரண்டு கம்பியை பேட்டரியில் மாட்டி, மூன்றாவதை முதல் பிளக் வயரில் கவ்வவிட்டு, ஓடுகிற இன்ஜினின் முன்பக்கத்தில் பெல்ட்டைச் சுற்றும் சக்கரமான புல்லிமேல் வெளிச்சத்தை அடித்தால், சுற்றுகிற புல்லி நின்றுவிட்டதுபோல் தெரியும். அதிலுள்ள கோடு எங்கே நிற்கிறது என்று பார்த்து, பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிட்டு அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி முடுக்கினால், பொறி பற்ற வேண்டிய நேரத்தில் பற்றும். ஓட்டுநர்கள் இதை நம்பவில்லை. அவர்களுக்குக் காதுதான் கருவி. மேட்டில் ஏற்றி மிதித்துப் பார்ப்பார்கள். தட்டுகிற சத்தம் வந்தால் கொஞ்சம் பின்னால் திருப்புவார்கள், இழுவை போதவில்லை என்றால் முன்னால் திருப்புவார்கள். நன்சல்மா லைட் பிடித்து வைத்துக்கொடுத்த வண்டியைக்கூட அடுத்த வளைவில் நிறுத்தி, 'துளியூண்டு' திருப்பிக்கொண்டு போவார்கள். அதைக் கேள்விப்படும்போதெல்லாம் அவளுக்கு அடிவயிற்றிலிருந்து பற்றிக்கொண்டு வரும்.

சில நாள் முன்புதான் அவளிடம் டைமிங் வைத்துக்கொண்டு போன ஒச்சிர், தன் வேனை ஒரு லாரிக்குப் பின்னால் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தது ஒரு வசந்தகால நண்பகலில். இறங்கியவன் நேராக அவள் முன்னால் வந்து நின்றான். வலது மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தான்.

"உன் விளக்கக் கொண்டுபோய் அடுப்புல போடு!" என்றான்.

பங்க்கில் நின்றவர்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள். அவன் கத்தியதற்காக அல்ல. அந்த ஊரில் வீடு எரிந்துபோனவன்கூட முதலில் 'குளிர்காலம் நல்லா கழிஞ்சுதா, ஆடு மாடு சுகமா' என்று கேட்டுவிட்டுத்தான் எரிந்ததைச் சொல்வான். ஒச்சிர் ஒன்றும் கேட்கவில்லை. அக்கா என்றுகூடக் கூப்பிடவில்லை.

"என்னடா ஆச்சு?" என்றாள் நன்சல்மா.

"கணவாய் ஏறும்போது பிஸ்டன் ஓட்டையாயிடுச்சு. என் பொண்டாட்டி, கைக்குழந்தை, ரெண்டு பேரும் வண்டில. ராத்திரி முழுக்க அங்கதான். சீட்டுத் துணியக் கிழிச்சு எரிச்சேன். குழந்தையோட உதடு நீலமாயிடுச்சு. எல்லாம் நீ வச்சுக் கொடுத்த டைமிங்!"

"குழந்தை இப்ப எப்படி இருக்கு?"

"ஆஸ்பத்திரில இருக்கா. பிழைச்சிட்டா. அதுக்கு நீ காரணமில்ல."

பங்க்கை நடத்தும் சோய்ஜின் மூக்குப்பொடிச் சிமிழை மூடிக்கொண்டே பக்கத்தில் வந்தான். இந்த மாதிரி நேரத்தில் அவன் வராமல் இருந்ததே இல்லை. "நான் அப்பவே சொன்னேன். காது இருக்கறவனுக்கு விளக்கு எதுக்குன்னு. இனி யார் வண்டிய இவ கைல விடுவான்?"

அவன் கேட்டது வெறும் கிண்டல் இல்லை என்று நன்சல்மாவுக்குத் தெரியும். சுற்றி நின்றவர்களில் மூன்று பேருடைய வண்டி அன்றைக்கு அவள் பட்டறை வாசலில்தான் நின்றது. ஒருவன் ஏற்கனவே தன் வண்டிச் சாவியைக் கேட்கிற தோரணையில் கையை நீட்டியிருந்தான். இன்றைக்குப் பேர் கெட்டால் நாளைக்கு இந்தக் கொட்டகை வெறும் தகரம்.

"நீ திருப்பினியா இல்லையா?" என்று ஒச்சிரிடம் கேட்டாள்.

"எதை?"

"டிஸ்ட்ரிபியூட்டர! எல்லாக் களவாணிங்களும் அடுத்த வளைவுல போய் திருப்புவீங்களே, அதை! திருப்பிட்டு, இன்ஜின் வெந்ததும் என் தலைல கட்ட வந்திருக்க. வா. எல்லாரும் வாங்க. உங்க திருட்டுத்தனம் தெரிஞ்சுதான் அடையாளம் வச்சு அனுப்பினேன்."

உண்மைதான். இவர்களோடு மல்லுக்கட்டி அலுத்துப்போய், கழிந்த குளிர்காலத்திலிருந்து அவள் ஒரு வேலை செய்துகொண்டிருந்தாள். டைமிங் வைத்து முடித்ததும் தன் நகச்சாயப் புட்டியைத் திறந்து, டிஸ்ட்ரிபியூட்டரின் உடம்பும் அது உட்கார்ந்திருக்கும் இரும்பும் சேரும் இடத்தில் ஒரே கோடாகச் சிவப்பை இழுத்துவிடுவாள். துளி திருப்பினாலும் கோடு இரண்டாக உடைந்து காட்டிக்கொடுக்கும். யாரிடமும் சொல்லவில்லை. கையும் களவுமாகப் பிடிக்கிற நாளுக்காக ஆசையோடு காத்திருந்தாள்.

வேனுக்குள் ஏறி, முன் இருக்கைகளுக்கு நடுவிலுள்ள இன்ஜின் மூடியைத் தூக்கினாள். துணியால் அழுக்கைத் துடைத்தாள். ஐந்தாறு தலைகள் அவள் தலையோடு முட்டிக்கொண்டு குனிந்தன.

சிவப்புக் கோடு உடையவில்லை. இழுத்த அன்றைக்கு இருந்த மாதிரியே நேராக இருந்தது.

சோய்ஜின் முதலில் சிரித்தான். "உன் சாட்சி உனக்கே எதிரா சொல்லிடுச்சே நன்சல்மா!"

"வாய மூடு!" என்றாள். முகம் கொதித்தது. அவமானத்தில் மூளை மரத்துப்போகும் ஆள் இல்லை அவள். அவமானம் வந்தால் இன்னும் கோபம் வரும், கோபம் வந்தால் கை வேலை செய்யும். முதல் பிளக்கைக் கழற்றினாள். ஓட்டைக்குள் ஒரு மெல்லிய கம்பியை விட்டுப் பிடித்துக்கொண்டாள்.

"டேய், யாராவது முன்னாடி போய் ஹேண்டில் போட்டு மெதுவா சுத்துங்க. மெதுவா! கம்பி மேல வந்து நிக்கிற இடத்துல நிறுத்துங்க."

ஒருவன் சுற்றினான். கம்பி ஏறியது, ஏறியது, நின்றது. பிஸ்டன் உச்சிக்கு வந்துவிட்டது. இந்த நேரத்தில் புல்லியின் கோடு, இன்ஜினின் முன்பக்கத்தில் அசையாமல் பொருத்தியிருக்கும் முள்ளுக்கு நேராக நிற்க வேண்டும். நன்சல்மா வண்டிக்கு அடியில் தவழ்ந்து போய்ப் பார்த்தாள். கோடு ஒரு விரல் அகலம் தள்ளி நின்றது.

அடியிலிருந்தே கேட்டாள். குரல் இறங்கியிருந்தது. "ஒச்சிர். இந்தப் புல்லி யாருடையது?"

"என்னது?"

"புல்லிடா. இது இந்த இன்ஜினோட பொறந்த புல்லி இல்ல. எங்கிருந்து எடுத்த?"

"இதோ, இந்த சோய்ஜின் அண்ணன் ஓட்டாம போட்டு வச்சிருக்கற செத்த காருலேர்ந்து. என்னோடது விரிஞ்சுபோச்சு. குளிர்காலத்துல மாட்டினேன்." அவனுக்குப் புரியவில்லை. "பெல்ட்ட சுத்தறதுதானே அதோட வேலை? சுத்துதே!"

சோய்ஜின் மூக்குப்பொடிச் சிமிழை மறுபடி திறந்தான்.

நன்சல்மா வெளியே வந்தாள். முழங்கை, முடியெல்லாம் மண். வேறு இன்ஜினின் புல்லியில் வேறு இடத்தில் கோடு. விளக்கு பொய் சொல்லவில்லை. பொய் சொன்ன கோட்டை அது அச்சுப் பிசகாமல் காட்டியிருக்கிறது. பொறி சீக்கிரமே பற்றி, ஏறி வருகிற பிஸ்டனை எதிர்த்து அடித்திருக்கிறது. அப்படியென்றால் சத்தம் வந்திருக்கும். காதுள்ள எவனுக்கும் கேட்கிற சத்தம்.

"தட்டுச்சு இல்ல? கணவாய்ல ஏறும்போது?"

"கணவாய்லயா? ஊர் தாண்டினதுலேர்ந்தே தட்டுச்சு. தகர டப்பால கல்லப் போட்டு ஆட்டற மாதிரி. கிளம்பின அன்னிக்குக் காலைல ஹேண்டில் போட்டேன், உதைச்சுத் தள்ளி மணிக்கட்டே பேந்துபோச்சு."

"அப்புறம் ஏண்டா திருப்பல? காலம் முழுக்கத் திருப்புவீங்களே! அன்னிக்கு மட்டும் ஏண்டா திருப்பல?"

ஒச்சிருக்கு இப்போதுதான் கண் கலங்கியது. "நீங்கதானே சொன்னீங்க? தொட்டா கையை ஒடிச்சிடுவேன்னு. ஸ்பானர் கைலயே இருந்துச்சு அக்கா. ரெண்டு தடவை இறங்கினேன். என் பொண்டாட்டிதான் சொன்னா, அந்தம்மா விளக்கு வச்சுப் பாத்தது, ஒன் காத விட அதுக்குத் தெரியும், தொடாதேன்னு."

காற்று தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தது. ஒச்சிர் புல்லி மாட்டியதைச் சொல்லவில்லை, தப்பு அவன்மேல் என்று கூட்டம் முணுமுணுக்கத் தொடங்கியிருந்தது. அவள் சும்மா இருந்திருந்தால் போதும். பேரும் பட்டறையும் தப்பித்திருக்கும்.

"முணுமுணுக்காதீங்கடா!" என்று கத்தினாள். "அன்னிக்கு இவன் வந்தப்ப குளிர்காலம் எப்படிப் போச்சுன்னு கேட்டேன். ஆடு கேட்டேன், ஒட்டகம் கேட்டேன், இவன் மாமனார் இருமல் வரைக்கும் கேட்டேன். புல்லி யாருதுன்னு கேட்டேனா? எல்லாவனும் செத்த வண்டியப் பிச்சுத்தான் ஓட்டறீங்கன்னு எனக்குத் தெரியாதா? கம்பிய விட்டுப் பாக்க எவ்வளவு நேரம் ஆகும்? ரோட்டுல ஓட்டிப் பாத்தேனா? பாக்கல. ஏன்னா விளக்கு இருக்குன்னு திமிரு! தப்பு என்னோடது. இந்த இன்ஜின நான் இறக்கிச் செஞ்சு தரேன். சாவி வேணுங்கறவன் எடுத்துட்டுப் போங்க!"

கை நீட்டியிருந்தவன் கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான். மற்ற இரண்டு பேரும் சாவியை எடுத்துக்கொண்டு போனார்கள். அவள் தடுக்கவில்லை. அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போய், அந்தக் குழந்தையின் அம்மா முகத்தைப் பார்க்க முடியாமல், வாசலிலேயே பால் கேனை வைத்துவிட்டு வந்தாள்.

அதற்குப் பிறகு நன்சல்மா மரியாதை தெரியாதவள் என்று பேர் எடுத்தாள். வண்டி வந்து நின்றதும் நலம் விசாரிப்பதற்கு முன்னால், "புல்லி யாருது?" என்பாள். வயதில் பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். அவள் கவலைப்படவில்லை.

இலையுதிர்காலத்தில் ஒச்சிர் வந்தான். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பொறியை விட்டுவிட்டுத் தரும் பாயிண்ட்டைப் புதிதாகப் போட்டிருந்தான், அதனால் மறுபடி டைமிங் வைக்க வேண்டும். இறங்கும்போதே கையைத் தூக்கிக்காட்டிச் சொன்னான்:

"சொந்தப் புல்லிதான். தேடிப் பிடிச்சு மாட்டிட்டேன். இப்ப சொல்லுங்க அக்கா, கோடை நல்லா போச்சா? ஆடுங்க கொழுத்துச்சா?"

"கொழுத்துச்சு. பாப்பா?"

"நிக்க ஆரம்பிச்சிட்டா."

அவன் சொன்னதை நம்பாமல் அவள் கம்பியை விட்டுப் பார்த்தாள். கோடு சரியாக இருந்தது. லைட் பிடித்து, திருப்பி, முடுக்கினாள். நகச்சாயப் புட்டியைத் தொடவில்லை. ஸ்பானரை அவன் கையில் திணித்துவிட்டு, ஓட்டுநர் பக்கம் ஏறி உட்கார்ந்தாள்.

"ஏறு. கணவாய் வரைக்கும் நான் ஓட்டறேன், நீ கேளு. தட்டுச்சுன்னா உடனே சொல்லு. சொல்லாம வாய மூடிட்டு உக்காந்திருந்தே, கையை ஒடிச்சிடுவேன்."