சயானில் குடியிருப்பவர்கள்

ஆள் எடுத்துக் கொடுக்கும் தொழில் பெண் பார்க்கும் படலம் மாதிரிதான். பஜ்ஜி மட்டும் கிடைக்காது. இன்டர்வியூ வாசலில் உட்கார்ந்து வியர்த்த உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

முகவரி

செம்பூரில் எங்கள் ஆபீஸ். தாராவிக்காரர்கள் குடிசைப்பகுதி என்ற பேருக்குப் பயந்து, பயோடேட்டாவில் பக்கத்து ஏரியாவான 'சயான்' என்றுதான் எழுதுவார்கள். முத்துலட்சுமி மட்டும் 'தாராவி' என்றே எழுதிக்கொண்டு வந்தாள். அப்பாவின் தோல் பட்டறை மூடிவிட்டது. வீடே அவளுக்குக் கிடைக்கப்போகும் வேலையை நம்பி இருந்தது. வாஷியில் அட்டைப்பெட்டிக் கம்பெனி நடத்தும் அண்ணாச்சிக்கு ஸ்டாக் பார்க்க ஆள் வேண்டும் என்று அவளை அனுப்பினேன். முகவரியைப் பார்த்ததும் மனுஷர் தாளை மடித்துவிட்டார். எனக்கு ஆத்திரம், அவர் மேல் அல்ல, அவள் மேல். சயான் என்று மாற்றச் சொன்னேன்.

"அப்போ ராத்திரி நான் எங்கண்ணே போயி படுக்க, சயான் ஸ்டேஷன்லயா?"

கல்யாணம்

அவளுக்குப் பதிலாக அண்ணாச்சி எடுத்த ஆள் ஒரே மாதத்தில் ஓடிவிட்டான். மறுபடி அவளையே கூட்டிப்போனேன். அண்ணாச்சி எல்லாப் பெண்களிடமும் கேட்பதைக் கேட்டார்: கல்யாணம் எப்போ? அதைக் கேட்டு ஆளை ஒதுக்குவது சட்டத்துக்கு ஆகாது என்று நான் மென்று விழுங்கிச் சொன்னேன். "சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்கேன்" என்றார். இவளாவது தலையைக் குனிந்திருக்கலாம். வேலை போச்சு.

"பத்திரிகை அடிச்சா மொத பத்திரிகை ஒங்களுக்குத்தான் அண்ணாச்சி."

நாலாம் நம்பர்

பிறகு அண்ணாச்சியிடம் பெட்டி வாங்கும் பெரிய கம்பெனி ஓலை அனுப்பியது: பாரபட்சமில்லாமல் ஆள் எடுக்காவிட்டால் ஆர்டர் கிடையாது. மேற்பார்வைக்கு அந்தக் கம்பெனி அதிகாரி ஒருவரும் வந்து உட்கார்ந்தார். வந்த பயோடேட்டாக்களில் பெயர், ஊர், முகவரி எல்லாவற்றின் மேலும் வெள்ளைத்தாள் ஒட்டி, நம்பர் மட்டும் போட்டேன். கோடவுன் பட்டியலில் ஐந்து தப்பைக் கண்டுபிடிக்கவேண்டும், அதுதான் பரீட்சை. நாலாம் நம்பர் ஆறு கண்டுபிடித்திருந்தது. ஆறாவது, அண்ணாச்சியே செய்த தப்பு.

"இந்த ஆளு இல்லாம இனி கோடவுன் தொறக்கமாட்டேன்" என்று அண்ணாச்சி அதிகாரியின் காதுபடச் சொல்லிவிட்டார். முத்துலட்சுமி உள்ளே வந்தாள். அண்ணாச்சி என்னைப் பார்த்தார், நான் ஃபேனைப் பார்த்தேன்.

"சயான்னு எழுதித் தொலைச்சிருந்தா அன்னைக்கே எடுத்திருப்பேனே, தாயி."

ஆர்டர்

வேலை உத்தரவை நான்தான் டைப் அடித்தேன். கை பழக்கதோஷத்தில் முகவரியில் 'சயான்' என்று அடித்துவிட்டது. அவள் பேனாவால் அதை அடித்துத் 'தாராவி' என்று எழுதி என்னிடம் நீட்டினாள். சிரித்தாளா என்று நிமிர்ந்து பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

"அண்ணே, தெனமும் காலைல நம்ம தாராவி நைன்ட்டி ஃபீட் ரோட்டுல இட்லி வாங்கிட்டு நீங்க எந்த சயானுக்குப் போறிய?"

ஒரு துண்டு வெள்ளைத்தாள் அண்ணாச்சியையே வழிக்குக் கொண்டுவந்துவிட்டது. என் பயோடேட்டாவில் மட்டும் நான் இன்னும் சயானில்தான் குடியிருக்கிறேன்.