ஒரு நாளைக்குக் கழற்றி வைத்த செய்தி

யாழ்ப்பாணத்துப் பத்திரிகை ஒன்றில் வேலை பார்த்த நகுலேஸ்வரன், இப்போது இத்தாலியில், பலெர்மோ நகரின் லிபெர்த்தா வீதிப் பக்கம், வயதான ஒரு சிஞ்ஞோராவை, அதாவது அந்த வீட்டு அம்மாவை, பராமரிக்கிறார். ஊரில் ஒரு தரப்பு ‘எழுதாதே’ என்றது. மறுதரப்பு ‘நாங்கள் சொல்வதை எழுது’ என்றது. இரண்டுக்கும் நடுவில் அவர் விமானம் ஏறிவிட்டார்.

சிஞ்ஞோரா மத்தியானம் கண்ணயர்ந்தால் நகுலேஸ்வரன் பத்திரிகை ஆசிரியராகிவிடுவார். ‘நேர்கோடு’ என்ற அவருடைய இணையத்தளத்துக்கு விளம்பரமும் இல்லை, அச்சமும் இல்லை. முதலாவது எல்லாருக்கும் தெரிந்த உண்மை. இரண்டாவதைச் சோதிக்க அதுவரை சந்தர்ப்பம் வரவில்லை.

முல்லைத்தீவில் துசானி என்ற இளம் நிருபர், சனங்களின் வயலைப் படையினர் வேலி போட்டு அடைப்பதைப் படம் எடுத்தாள். விசாரணைக்குக் கூப்பிட்டு அவளுடைய கைபேசியைப் பறித்து வைத்துக்கொண்டார்கள். அங்கே ஒருவரும் தொடாத அந்தச் செய்தியை, அவள் கேட்டுக்கொண்டபடி, பெயரோடு நகுலேஸ்வரன் போட்டார்.

மறுநாளே பலெர்மோத் தமிழ்ச் சங்கத் தலைவர் அருளம்பலம் அழைத்தார்.

“பத்திரிகைச் சுதந்திர நாளுக்குக் கால்சாப் பக்கத்து மண்டபத்திலை விழா வைக்கிறம். உமக்குத்தான் பொன்னாடை. பிரதம விருந்தினர் இலங்கைத் தூதரகத்திலை இருந்து வாறார். அந்த முல்லைத்தீவுச் செய்தியை ஒரு நாளைக்குக் கழட்டி வையும்.”

“பத்திரிகைச் சுதந்திர விழாவுக்குச் செய்தியைக் கழட்டிறதோ?”

“சுதந்திரம் எங்கை ஓடப்போகுது? விழா முடியத் திருப்பிப் போடும்.”

மனைவி ரதியின் கவலை வேறு. “இஞ்சேருங்கோ, என்ரை தம்பி அடுத்த மாதம் ஊருக்குப் போறான். எயாப்போட்டிலை மறிச்சால் உங்கடை நேர்கோடே வந்து கூட்டிக்கொண்டு போகும்?”

விழா அன்று காலை செய்தியைக் கழற்றினார்.

கால்சாவுக்குப் போகும் பஸ்ஸில் துசானியின் அழைப்பு வந்தது. இரவல் கைபேசி.

“அண்ணை, செய்தியைக் காணேல்லை. அங்கையும் உங்களைக் கூப்பிட்டு விசாரிச்சவங்களோ?”

“இல்லைத் தங்கச்சி… ஒரு சின்னத் திருத்தம்.”

“நான் ஏதும் பிழையாச் சொல்லிப்போட்டனோ?”

நகுலேஸ்வரனுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

மண்டபத்தில் ‘அஞ்சாத பேனாக்கள்’ என்று பெரிய பதாகை. மூன்று பேர் எந்த நாட்டின் பெயரும் சொல்லாமல் சுதந்திரத்தைப் புகழ்ந்தார்கள். அடுத்தது நகுலேஸ்வரன். அருளம்பலம் பார்த்துத் திருத்திக் கொடுத்த அவரது உரையில் வணக்கமும் நன்றியும் மட்டுமே தப்பியிருந்தன. அதை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு, கைபேசியைத் திறந்து, கழற்றிய செய்தியை வாசிக்கத் தொடங்கினார்.

இரண்டாவது வரியிலேயே அருளம்பலம் பொன்னாடையோடு பாய்ந்து வந்து போர்த்தி, தோளைப் பிடித்து இழுத்தார். நகுலேஸ்வரன் நகர்ந்து நின்று வாசித்தார். அருளம்பலம் ஒலிபெருக்கிக்காரனைப் பார்த்துக் கையை வீசினார். அவன் செட்ரிக், மொரிஷியஸ்காரன், தமிழ் தெரியாது. சத்தம் போதவில்லையாக்கும் என்று நினைத்துக் கூட்டிவிட்டான். துசானியின் பெயர் தெருவரை கேட்டது. பிரதம விருந்தினர் குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

‘திரு. நகுலேஸ்வரன் சுருக்கமாக நன்றி கூறினார்’ என்று சங்கத்தின் பக்கத்தில் மறுநாள் செய்தி வந்தது. நேர்கோட்டில் முல்லைத்தீவுச் செய்தி திரும்பவும் ஏறியிருந்தது. மைத்துனனை எயாப்போட்டில் ஒருவரும் மறிக்கவில்லை. ஆனாலும் அவன் திரும்பி வரும்வரை ரதி புருஷனோடு கதைக்கவில்லை. துசானிக்குக் கைபேசி திரும்பக் கிடைத்தது, படங்கள் எல்லாம் அழிக்கப்பட்டு. அவள் மறுபடியும் வேலியடிக்குப் போனாள்.