அமாவாசையில் ஓடிய தறி

"யோவ் கஜபதி, கதவைத் தொற! ஆடியிலேர்ந்து ஒவ்வொரு அமாவாசைக்கும் தறி ஓட்டறியே, தெரு நல்லா இருக்க வேணாமா?"

"தறி இல்ல மாமா, ரேடியோ. எத்தினி வாட்டி சொல்றது?"

"ரேடியோவுல எவன்யா தறி நெய்யறான்? எங்களப் பாத்தா கேனைங்க மாதிரி இருக்குதா?"

வெளியே கத்தியவர் ஆறுமுகம். எங்கள் நெசவுத் தெருவுக்குப் பெரியவர். உள்ளேயிருந்து பதில் சொன்னவர் என் பக்கத்து வீட்டுக் கஜபதி. 1979, புரட்டாசி அமாவாசை, பகல் 12.40. திருத்தணியில் மலைப்படி ஆரம்பிக்கிற இடத்திலிருந்து மூன்றாவது தெரு. என் பெயர் வரலட்சுமி. நான் ஒன்றைப் பத்தாக்கிச் சொல்கிறவள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. உண்மைதான். ஆனால் இதில் ஒரு சொல்லைக்கூட நான் கூட்டவில்லை. கூட்ட எனக்குப் பயம்.

எங்கள் தெருவில் அமாவாசையன்று தறி ஓடாது. அது செத்தவர்களுக்குச் சோறு வைக்கிற நாள். மீறி ஓட்டினால் அந்த வீட்டோடு யாரும் கொள்வினை கொடுப்பினை வைக்கமாட்டார்கள். கஜபதிக்கு அதைவிடப் பெரிய ஆபத்து வேறில்லை. இரண்டு நாளில் அவர் மகள் சந்திராவுக்குத் தாம்பூலம் மாற்றப் பொதட்டூர்பேட்டைக்காரர்கள் வருகிறார்கள். தாய் அம்சா சித்திரையில் இறந்துபோனாள். வருஷத்துக்குள் கல்யாணத்தை முடிக்க வேண்டும், விட்டால் மூன்று வருஷம் காத்திருக்க வேண்டும். தெரு ஒதுக்கிய வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்?

கஜபதி ஒன்றும் நெசவாளி இல்லை. நெய்து குடும்பத்தைக் காப்பாற்றியவள் அம்சா. இவர் கச்சேரிக் குழுவில் ஆர்மோனியம் வாசிப்பார். பிறகு அதையும் விட்டுவிட்டு ரேடியோவோடு உட்கார்ந்தார். நாமெல்லாம் பாட்டு வந்ததும் திருகுவதை நிறுத்துவோம். இவர் பாட்டு போனதும் நிறுத்துவார். கொழும்புக்கும் விஜயவாடாவுக்கும் நடுவில் 'ஊய்ங்... உஸ்ஸ்...' என்று வருமே, அதை டேப்பில் பிடிப்பார். வெட்டுவார், ஒட்டுவார், அதன் மேல் ஆர்மோனியத்தில் ஒரே கட்டையை அழுத்திக்கொண்டே இருப்பார். கேட்டால் புது மாதிரி சங்கீதம் என்பார். மெட்ராசில் இதையெல்லாம் கேட்க ஒரு ஆளும் இருந்தாராம். நாங்கள் கஜபதிக்கு 'இரைச்சல் பாகவதர்' என்று பெயர் வைத்தோம். வைத்தது நான்தான்.

டேப் பிடிக்கத் தெருவில் சத்தம் இருக்கக்கூடாது. தறி ஓயாத தெருவில் அது கிடைப்பது மாதத்தில் ஒரே நாள். அமாவாசை.

"பத்து பேரு உள்ள வந்தா டேப்பு கெட்டுடும் மாமா. நம்பிக்கையா ஒருத்தர அனுப்புங்க. கண்ணால பாக்கட்டும்."

யார் போவது என்று அவர்கள் யோசித்து முடிப்பதற்குள் நான் வாசற்படி ஏறிவிட்டேன்.

உள்ளே போய் முதலில் தறியைத் தேடினேன். பரணில் இருந்தது. கழற்றி, கயிறு கட்டி, சிலந்தி வலையோடு. கீழே வெறும் குழி. அம்சா கால் தொங்கவிட்டு மிதித்த குழி. அதன் விளிம்பில் ரேடியோ. எதிரில் ஒரு மைக். கதவோரம் சந்திரா முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"டேப்பு ஓடறப்ப மூச்சுகூட சத்தமா வுடாதக்கா. இந்த மைக்கு எல்லாத்தையும் புடிச்சுக்கும்" என்றார் கஜபதி.

"நான் எப்பப்பா பேசியிருக்கேன்?" என்றேன். சந்திராகூடச் சிரித்தாள்.

1.05. டேப் சுற்ற ஆரம்பித்தது.

தெலுங்குச் செய்தி கொஞ்சம். பிறகு விசில் மாதிரி ஒன்று. பிறகு வெறும் இரைச்சல். கஜபதி திருகிலிருந்து கையை எடுத்துவிட்டார். எனக்குக் கொட்டாவி வந்தது.

1.12.

இரைச்சலுக்குள்ளே... தடக்... தடக்... தட்.

எங்கள் தெருவில் எந்தத் தறி யாருடையது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவோம். அம்சாவுக்கு இடது கால் கொஞ்சம் தாங்கல். மூன்றாவது அடி எப்போதும் மெலிந்து விழும்.

தடக்... தடக்... தட்.

பரணைப் பார்த்தேன். கட்டிய கயிறு கட்டியபடி. வலைகூட ஆடவில்லை.

கஜபதியின் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. துடைக்கவில்லை. துடைத்தால் சட்டை உரசும், மைக்கில் விழும்.

நான் புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டேன்.

1.20. தறி நின்றது. அடி பாதியில்.

சித்திரையில் அம்சாவின் தறி நின்றதும் 1.20க்குத்தான். கஜபதி அன்று மெட்ராசுக்குப் போயிருந்தார், அது யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். குழாயடியில் குடம் வைத்த தகராறில் அவளோடு எனக்குப் பேச்சு இல்லாமல் இருந்த நேரம். ஆனாலும் நடுச்சுவரில் காதை வைத்துக்கொண்டுதான் இருந்தேன். தறி நின்றது. பிறகு அவள் கூப்பிட்டாள். என்னைத்தான். வீம்பாக உட்கார்ந்திருந்தேன். இன்னொரு தரம் கூப்பிடட்டும், அப்புறம் போகலாம் என்று. மூன்று தரம் கூப்பிட்டாள். நாலாவது தரம் இல்லை. சாயங்காலம் சந்திரா பள்ளிக்கூடத்து டீச்சர் வீட்டிலிருந்து வந்து பார்த்துத்தான் அலறினாள்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஊர்க்கதை எல்லாம் சொல்கிறவள், இதைச் சொன்னதில்லை.

1.21.

"அக்கா..."

ரேடியோவிலிருந்துதான். மிக மெல்ல.

கஜபதி கண்ணை மூடியிருந்தார். சந்திரா தரையைப் பார்த்திருந்தாள். இரண்டு முகத்திலும் ஒன்றும் மாறவில்லை.

"அக்கா... கொஞ்சம் வாயேன்..."

தலைப்பைப் பல்லால் கடித்தேன்.

"அக்கா..."

நான் வாயைத் திறக்கவில்லை.

1.22. வெறும் இரைச்சல்.

டேப் நின்றது. கஜபதி அதைக் கழற்றி டப்பாவில் வைத்தார். "நான் தேடல அக்கா. ஆடியிலேர்ந்து அதுவா வருது. இத திரும்பப் போட்டுக் கேக்க எனக்குத் தெம்பு இல்ல. அப்படியே மெட்ராசுக்கு அனுப்பிடறேன்" என்றார்.

வெளியே வந்தேன். தெருவே நின்றிருந்தது.

"தறி இல்ல. ரேடியோதான்" என்றேன்.

"சத்தியமா?" என்றார் ஆறுமுகம்.

"மலைமேல இருக்கறவன் சத்தியமா."

"இன்னாடி, ஒனக்கு மூஞ்சி இப்படி வெளுத்துக் கெடக்குது?"

"உள்ள புழுக்கம்."

தாம்பூலம் மாற்றினார்கள். தை மாதம் சந்திராவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு அரக்கோணத்தில் ரயில்வே வேலை. கஜபதியும் ரேடியோவைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு மகளோடு போய்விட்டார். அதற்குப் பிறகு எந்த அமாவாசையிலும் சத்தம் வரவில்லை.

மாசியில் அவர் பெயருக்கு மெட்ராசிலிருந்து ஒரு போஸ்ட் கார்டு வந்தது. வீடு பூட்டியிருந்ததால் தபால்காரர் என்னிடம் கொடுத்தார். கார்டு என்றால் படிக்கத்தானே செய்வேன்.

'அன்புள்ள கஜபதி, டேப் கேட்டேன். இரைச்சலுக்குள் தறியைக் கொண்டுவந்த விதம் மனதை என்னவோ செய்கிறது. ஒரு சந்தேகம். தறி நின்ற பிறகு ஒரு பெண் அக்கா என்று மூன்று முறை கூப்பிடுகிறாள். மூன்றாவது அழைப்புக்கு, மைக்குக்கு மிகப் பக்கத்தில், இன்னொரு பெண் "ஆங், தோ வந்துட்டேன் அம்சா" என்று பதில் சொல்கிறாள். உடனே ஒரு கதவு திறக்கிறது. அந்த இரண்டாவது குரல் யாருடையது?'

நான் அப்படிப் பதில் சொல்லவில்லை. சித்திரையிலும் சொல்லவில்லை, புரட்டாசியிலும் சொல்லவில்லை.

கார்டு இன்னும் என் பெட்டியில்தான் இருக்கிறது. கஜபதிக்கு அனுப்பவில்லை. சந்திராவுக்குப் பெண் பிறந்து, அதற்கு அம்சா என்று பெயர் வைத்திருக்கிறார்களாம். ஆறுமுகம் குடும்பம் அம்மையார்குப்பத்துக்குப் போய்விட்டது. என் மகன் வேணு மெட்ராசுக்கு வந்துவிடு என்று கடிதத்துக்கு மேல் கடிதம் போடுகிறான். நான் போகவில்லை. அடுத்த வீடு பூட்டித்தான் கிடக்கிறது. இருந்தாலும், யாராவது கூப்பிட்டால் போக ஒரு ஆள் வேண்டாமா?