மேலே வந்த சீட்டு

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு மாலை, உப்புவெளியில் மீனவர்கள் கூடும் ஒரு மண்டபத்தில் நடந்தது இது. நான் திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். சீட்டு வித்தை என் பொழுதுபோக்கு.

ஒரேயொரு வித்தையை ஆறு மாதம் பழகியிருந்தேன். ஒருவர் எடுக்கும் சீட்டைக் கட்டின் நடுவே செருகுவேன். அடுத்த நொடி அது மேலே இருக்கும். அலுமாரிக் கண்ணாடியின் முன் நின்று, விரல் அசைவது எனக்கே தெரியாமல் போகும்வரை பழகினேன். "கை நல்லா ஓடுது. ஆனா ஒரு கதையும் இல்லையே" என்றாள் மனைவி. அதனால் கதை சேர்த்தேன். சீட்டு, கடலுக்குப் போன மகன். எந்த ஆழத்தில் தாழ்ந்தாலும் அம்மாவைப் பார்க்க மேலே வந்துவிடுவான். மீனவர்களுக்கு ஏற்ற கதை என்று எனக்குப் பெருமை வேறு.

அன்று மண்டபத்தில் வித்தை காட்டியபோது, முன்வரிசையில் இருந்த ஓர் அம்மா சீட்டை எடுத்தார். கதையைத் தொடங்கினேன். அவர் சீட்டைத் திருப்பித் தராமல் என்னைப் பார்த்துக் கேட்டார்: "எத்தினை நாளிலை வருவான், தம்பி?"

பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். முன்வரிசையில் வேறு யாரும் சிரிக்கவில்லை. ஏதோ பிழை என்று புரிந்தது. ஆனாலும் பழகிய கைகள் நிற்கவில்லை. சீட்டை வாங்கின, செருகின, மேலே எடுத்துக் காட்டின. பின்னால் இருந்தவர்கள் கைதட்டினார்கள். அந்த அம்மா எழுந்து வெளியே போய்விட்டார்.

பிறகுதான் அங்கிருந்தவர்கள் சொன்னார்கள். முந்தைய வருடம் கடலுக்குப் போன அவருடைய மகன் திரும்பவில்லை. படகு மட்டும் கரை ஒதுங்கியதாம்.

மறுநாள் காலை விசாரித்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். "எனக்குத் தெரியாதம்மா. மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றேன். கதிரையை இழுத்துப் போட்டார்.

"நீங்கள் வேணுமெண்டு செய்யேல்லை. ஆனா, அவன் மேலை வந்திட்டான் எண்டு எல்லாரும் கை தட்டிச்சினம். அதைத்தான் தாங்க ஏலாமப் போச்சு."

தேநீர் தந்தார். குடித்து முடித்ததும் மகனின் பெயரைக் கேட்டேன். சொன்னார். அதற்குப் பிறகு அவனைப் பற்றி நெடுநேரம் கதைத்தார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வித்தையை இப்போதும் செய்கிறேன், அந்தக் கதை இல்லாமல். கை பழக ஆறு மாதம் போதுமாக இருந்தது. எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்துவிட்டு வாய் திறக்க இன்னும் பழகிக்கொண்டுதான் இருக்கிறேன்.