இன்னும் மூன்று கயிற்று நீளம்

மச்சாள் பாறையில் கையை ஊன்றிக்கொண்டு மேற்கே நெடுநேரம் பார்த்தார். பிறகு, காய்கறி வாங்கப் போன கடை பூட்டிக் கிடந்தால் எப்படிச் சொல்வாரோ அப்படி, "இறங்குவம்" என்றார். எங்கள் காலடியில் நாற்பது மாடிக் கட்டடத்தைவிட உயரமான செங்குத்துச் சுண்ணாம்புப் பாறை. நாங்கள் நின்ற பாறைப் படி, இரண்டு பேர் தோளோடு தோள் ஒட்டி நிற்கும் அகலம். ஒரு தடவையில் கயிறு எட்டும் தூரத்தைக் கயிற்று நீளம் என்போம்; அப்படிப் பதினொன்று ஏறி முடித்திருந்தோம். உச்சிக்கு இன்னும் மூன்றுதான் இருந்தது.

மச்சாள் என் கணவரின் அக்கா. என்னைவிட நான்கு வயது மூத்தவர். இருவருக்கும் கனடாவில், கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஒரே மருத்துவமனையில் வேலை. அவர் நோயாளிகளைத் தூக்கிக் கிடத்தி, கழுவி, வண்டியில் தள்ளிக்கொண்டு போகிறவர். நான் கீழ்த்தளத்தில் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில். மலைக்கும் எங்களுக்கும் ஒரு தொடர்பும் இருந்ததில்லை. என் மகளின் வகுப்புத் தோழியின் பிறந்தநாளை உள்ளரங்கப் பாறையேற்றக் கூடமொன்றில் கொண்டாடினார்கள். பிள்ளைகள் கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மச்சாள் வேலைக் காற்சட்டையோடு சுவரில் ஏறிவிட்டார். இறங்கி வந்தவரின் முகத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை இருவரும் போனோம். பிறகு எல்லாச் செவ்வாயும் போனோம். இரண்டாவது கோடையில் நகருக்கு வடக்கே லோரன்சியன் மலைப் பாறைகளில் ஏறிக்கொண்டிருந்தோம். "ஏறி விழுகிறதுக்கோ கனடாவுக்கு வந்தனீங்கள்?" என்று மச்சாளின் அப்பா, என் மாமா, கேட்டார். மச்சாள் சிரித்துவிட்டு அவருக்குத் தேத்தண்ணி ஊற்றினார். மச்சாள் யாரோடும் கோபித்து நான் கண்டதில்லை.

ராக்கி மலையின் அந்தச் சுவரைத் தேர்ந்தெடுத்தவள் நான். விடுமுறையைச் சேர்த்துவைத்து, விமானத்தில் மேற்கே பறந்து, மூன்று கோடைகள் போனோம். முதல் வருடம் விடிந்ததிலிருந்து மழை. இரண்டாம் வருடம் எட்டாவது நீளத்தில் மச்சாள் ஒரு முகிலைக் கண்டு திரும்பச் சொன்னார். நாங்கள் தரைக்கு வருவதற்குள் அந்த முகில் கரைந்துபோயிற்று. மாலை முழுவதும் புல்லில் கிடந்து, வெயிலில் பளபளத்த உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் மச்சாள் நிம்மதியாக அப்பிள் சாப்பிட்டார். அந்த அப்பிளை எண்ணி ஒரு வருடம் முழுவதும் எரிந்திருக்கிறேன்.

ஆகவே மூன்றாம் வருடம், பதினோராவது நீளத்தின் முடிவில், "இறங்குவம்" என்ற சொல் எனக்குப் பொறுக்கவில்லை.

"மூண்டு நீளம்தானே மச்சாள்! மேலை போனால் மற்றப் பக்கத்தாலை நடந்தே இறங்கலாம்."

"முகிலைப் பாரும்."

"முன்னாலை போறவையைப் பாருங்கோ. அவையள் திரும்பேல்லையே?"

எங்களுக்கு மேலே, எங்களைப் போலவே கியூபெக்கிலிருந்து வந்த ஓர் இளம் தம்பதி ஏறிக்கொண்டிருந்தார்கள். காலையில் வண்டி நிறுத்துமிடத்தில் "போன்ஜூர்" சொன்னவர்கள். அவர்களுடைய சிவப்புத் தலைக்கவசங்கள் சீராக மேலே போய்க்கொண்டிருந்தன.

"அவையள் எங்களைவிட வேகம். அவையள் போகட்டும்," என்றார் மச்சாள். அதற்குமேல் வாதாடவில்லை. முதுகை என் பக்கம் திருப்பிக்கொண்டு, இறங்குவதற்காகக் கயிற்றைப் பாறையில் பொருத்தியிருந்த இரும்பு வளையத்தில் கோக்கத் தொடங்கினார். கயிறு ஒன்றுதான். ஒருவர் இறங்கினால் மற்றவரும் இறங்கத்தான் வேண்டும்.

அப்படி இறங்குகிற முறையை இங்கே சொல்லவேண்டும். கயிற்றின் நடுவை வளையத்தில் மாட்டி, இரு பாதிகளையும் கீழே தொங்கவிட்டு, அவற்றைப் பிடித்து இறங்குவோம். முனை தெரியாமல் கயிற்றைவிட்டு வழுகிப் போகாதிருக்க இரு முனைகளிலும் முடிச்சுப் போடுவோம். அடுத்த படிக்கு வந்ததும் முடிச்சுகளை அவிழ்த்து, ஒரு பாதியை இழுத்தால் மற்றப் பாதி மேலே ஓடி, வளையத்தைத் தாண்டிக் கீழே விழும். பிறகு அடுத்த வளையம். பதினொரு தடவை இதையே செய்யவேண்டும்.

மூன்றாவது இறக்கத்தில் புயல் பிடித்தது. முதலில் காற்று, பிறகு ஆலங்கட்டி. சில நிமிடங்களில் பாறையின் ஒவ்வொரு வெடிப்பிலும் தண்ணீர் அருவியாகக் கொட்டியது. இடிக்கும் மின்னலுக்கும் இடையில் எண்ணுவதற்கு நேரமே இருக்கவில்லை. மச்சாள் சொன்னது சரி என்று அப்போதாவது எனக்கு விளங்கியிருக்க வேண்டும். ஆனால் உச்சிக்குப் போயிருந்தால் இந்நேரம் புல்லில் நடந்துகொண்டிருப்போம் என்பதுதான் மனத்தில் ஓடியது. அந்த ஆத்திரத்தோடு ஐந்தாவது படியில் கயிற்றை இழுத்தேன். மச்சாள் எங்கள் இருவரையும் அடுத்த ஆணியில் கொளுவிக்கொண்டிருந்தார். கயிறு ஓடியது, பிறகு நின்றது. தொங்கிப் பார்த்தேன். அசையவில்லை.

முனையின் முடிச்சை நான் அவிழ்க்கவில்லை. அது மேலே போய் வளையத்தில் இறுகிவிட்டது. எனக்கு அந்தக் கணமே தெரியும்.

"வெடிப்பிலை சிக்கிப்போச்சு போலை," என்றேன்.

மச்சாள் மேலே பார்த்தார். "சரி. நான் போறன். கயிற்றைக் கவனமாப் பிடியும்."

நனைந்த பாறையில், ஆலங்கட்டி முகத்திலறைய, கயிற்றின் இந்த முனையைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு முப்பது மீற்றர் திரும்ப ஏறினார். பாதி வழியில் மேலிருந்து ஒரு கல் வந்தது. அது அவருடைய இடது கையில் விழுந்த சத்தம் இடிக்குள்ளும் எனக்குக் கேட்டது. சிறிது நேரம் நெற்றியைப் பாறையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு ஒற்றைக் கையும் முழங்கையுமாக ஏறி, முடிச்சை விடுவித்து, இறங்கி வந்தார். மிச்சம் ஆறு இறக்கத்தையும் அந்தக் கையோடுதான் முடித்தார்.

தரைக்கு வந்தபோது அந்தத் தம்பதி உடை மாற்றி, வண்டியின் பின்கதவைத் திறந்துவைத்துச் சூப் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஆலங்கட்டி தொடங்கும்போது உச்சியைத் தொட்டு, மறுபக்கப் பாதையால் நடந்து வந்துவிட்டார்களாம். அவர்கள்தான் எங்களை அவசர சிகிச்சைக்குக் கொண்டுபோனார்கள். வைத்தியர் கேட்டபோது மச்சாள் முந்திக்கொண்டு, கயிறு வெடிப்பில் இறுகிவிட்டது என்றார். நானும் ஓமென்று தலையாட்டினேன்.

அவருடைய இரண்டு விரல்கள் இன்றைக்கும் மடியாது. நோயாளிகளைத் தூக்க இயலாததால், தொலைபேசியில் சந்திப்பு நேரம் கொடுக்கும் மேசையில் அமர்த்தினார்கள். நாள் முழுவதும் பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்கும் வேலை அது. பாறைப் பக்கம் அவர் பிறகு போகவில்லை. நானோ, வாய்த்த இடத்திலெல்லாம் ஒன்றையே சொன்னேன்: திரும்பாமல் ஏறியிருந்தால் அந்தக் கைக்கு ஒன்றும் நடந்திராது. கணவரிடம் சொன்னேன். ஒருமுறை மச்சாளின் முகத்துக்கு நேரேயே சொன்னேன். "இருக்கலாம்," என்றார் அவர். அந்தப் பதில் என்னைப் பல நாள் தூங்கவிடவில்லை. ஏசியிருந்தால் திருப்பி ஏசியிருப்பேன்.

இந்த வசந்தத்தில், நோத்ர-டாம்-த-கிரேஸில் மச்சாளின் தொடர்மாடி வீட்டுக்கு மகளோடு போயிருந்தேன். மகள் இப்போது சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் கல்லூரியில் படிக்கிறாள், நண்பர்களோடு பாறையேறவும் தொடங்கியிருக்கிறாள். "மாமி, உங்கட கைக்கு உண்மையா என்ன நடந்தது?" என்று கேட்டாள். மச்சாள் பழைய கதையைத் தொடங்கினார். கயிறு, வெடிப்பு, மழை. மகள் அதைத் தலையாட்டிக் கேட்டு மனத்தில் பதித்துக்கொள்வதைப் பார்த்தேன். அவளும் நாளைக்கு எங்கோ ஒரு வளையத்தின் கீழே நின்று கயிறு இழுக்கப் போகிறவள்.

"வெடிப்பில்லை," என்றேன். "நான் முடிச்சை அவிழ்க்க மறந்திட்டன்."

மகள் என்னைப் பார்த்தாள். மச்சாள் மேசை விரிப்பைப் பார்த்தார்.

"தெரியும்," என்றார். "நிமிர்ந்து பாக்கேக்கை முடிச்சு மேலை போறதைக் கண்டனான். கைக்கு எட்டாத தூரம்."

"ஏன் அப்பவே சொல்லேல்லை?"

"சொன்னால் உமக்குக் கை நடுங்கும். பிறகு எனக்கு ஆர் கயிறு பிடிக்கிறது?"

"அண்டைக்குச் சரி. பேந்தாவது சொல்லியிருக்கலாமே, மச்சாள்?"

"நீர் சொல்லுவீர் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். ஆறு வருஷம்."

கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய்விட்டார். தண்ணீர்க் குழாயை முழுதாகத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது. நான் எழுந்து போய்க் குசினி வாசலில் நின்றேன். விறைத்த விரல்களுக்கிடையில் கோப்பையைச் செருகி, மற்றக் கையால் தேவைக்கு மேலாகத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"கோபமோ?" என்று கேட்டேன்.

"ஓம்," என்றார் மச்சாள், திரும்பாமல். "சரியான கோபம்."

கோப்பை துடைக்கும் துவாயை எடுத்து அவருக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். அவர் போ என்று சொல்லவில்லை.